பேனா கேமராவுக்கு முன்னால் ஒரு புகார் மனு

ஊருக்கு உழைப்பவர்களும் சட்டமும் – 11

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டுக் கூடலூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். நீலகிரிக் கூடலூர் இல்லை, கம்பம் பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கிற நம் கூடலூர். அதைத் தாண்டினால் லோயர் கேம்ப், மலைப்பாதை ஏறினால் குமுளி, அப்புறம் கேரளம். கொஞ்சம் வயலும் திராட்சைத் தோட்டமும் வைத்திருக்கும் இளைஞர் அவர். ஒரு கட்சியில் வார்டு அளவில் பொறுப்பிலும் இருக்கிறார்.

"அண்ணே, எங்க சித்தப்பா பட்டா மாறுதலுக்கு எழுதிக் குடுத்து மாசக்கணக்கா அலையுறாரு. காசு கேக்குறாங்க. நான் ஒரு பேனா கேமரா வாங்கிட்டேன். கேட்ட காசக் குடுத்து, அதைப் படம் புடிச்சு, எல்லா குரூப்லயும் போட்டுவிடப் போறேன். நம்ம கட்சிக்கும் பேரு கெடைக்கும்ல?"

"புகார் எங்கயாவது குடுத்தாச்சா தம்பி?"

"புகார் குடுத்தா மொதல்ல அவங்களுக்குத்தான் தகவல் போகும். வீடியோ வெளிய வந்துட்டா யாரும் அமுக்க முடியாதுண்ணே."

அவருடைய கோபத்தில் ஒரு குறையும் இல்லை. தாலுகா ஆபீஸ் படிக்கட்டை ஏறி இறங்கித் தேய்ந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கோபம் வரும். ஆனால் அவர் போட்ட திட்டப்படியே நடந்திருந்தால், பணம் வாங்கியவரோடு சேர்ந்து அவர் சித்தப்பாவும் அவரும் வழக்கில் சிக்கியிருப்பார்கள். அவர்களைச் சிக்கவைக்கும் ஆதாரத்தையும் அவரே தன் கையால் எடுத்து வெளியிட்டிருப்பார். இந்த வாரம் எழுத நினைத்திருந்த விஷயத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

இப்படிப் பணம் கொடுத்துப் படம் எடுத்தவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 2003 நவம்பர் 16 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் வந்த ஒரு செய்தி நாட்டையே உலுக்கியது. மத்திய அரசில் சுற்றுச்சூழல், வனத்துறை இணையமைச்சராக இருந்த திலீப் சிங் ஜூதேவ் டெல்லி ஓட்டல் அறை ஒன்றில் பணம் வாங்குவதை ரகசிய கேமரா பதிவு செய்திருந்தது. ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் சுரங்கத் தொழில் தொடங்க உதவி கேட்டு வந்தவராகத் தன்னைக் காட்டிக்கொண்டு பணம் கொடுத்தவர் 'ராகுல்'. உண்மைப் பெயர் ரஜத் பிரசாத். ஜூதேவ் உடனே பதவி விலகினார். சத்தீஸ்கர் சட்டமன்றத் தேர்தல் டிசம்பர் 1-ஆம் தேதி. அந்த மாநில முதல்வர் பதவிக்கு அடிபட்ட பெயர்களில் ஜூதேவின் பெயரும் ஒன்று. செய்தி வந்த நாளுக்கும் ஓட்டுப் போடும் நாளுக்கும் இடையில் இரண்டே வாரம்தான்.

விசாரணை சிபிஐ கைக்குப் போனது. பணம் வாங்கிய அமைச்சரை மட்டும் சிபிஐ விசாரிக்கவில்லை. அறையை எடுத்தது யார், கேமராவை வைத்தது யார், பணம் எங்கிருந்து வந்தது, இந்த நேரத்தில் இதைச் செய்வதால் யாருக்கு லாபம் என்றெல்லாம் தோண்டியது. தேர்தலுக்கு முன் ஜூதேவின் பெயரைக் கெடுக்க அரசியல் நோக்கத்தோடு போடப்பட்ட திட்டம் இது என்பது சிபிஐயின் குற்றச்சாட்டு. குற்றப்பத்திரிகையில் ஜூதேவுக்குப் பக்கத்திலேயே பணம் கொடுத்தவர்களும் நின்றார்கள். கூட்டுச்சதி, லஞ்சத்துக்கு உடந்தை என்பவை அவர்கள் மீதான பிரிவுகள். ஊழலை அம்பலப்படுத்திய எங்களையே குற்றவாளி ஆக்குவதா என்று கேட்டு, வழக்கை ரத்து செய்யக் கோரி ரஜத் பிரசாத்தும், அவரோடு குற்றம் சாட்டப்பட்ட அரவிந்த் விஜய் மோகனும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்.

2014 ஏப்ரல் 24 அன்று தீர்ப்பு வந்தது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நம் பவானி பக்கத்துக்காரரான தலைமை நீதிபதி ப.சதாசிவம். அவர் ஓய்வு பெற இரண்டு நாள்தான் பாக்கி இருந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரஞ்சன் கோகோய். ரகசியப் பதிவு வேலையில் இறங்க நினைக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு இது. அதன் சாரம்: பொதுநலனுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டால் குற்றம் குற்றமில்லை என்று ஆகிவிடாது. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து நீதிமன்றங்கள் போலீஸ் விரிக்கிற வலையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நீதிபதிகள் அலசினார்கள். போலீஸ் விரிக்கிற வலை வேறு, தனிமனிதர் தன் இஷ்டத்துக்கு விரிக்கிற வலை வேறு என்று பிரித்தார்கள்.

அதே தீர்ப்பில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. குற்றம் என்றால் குற்ற எண்ணம் இருந்தாக வேண்டும். லஞ்சம் கொடுத்து எந்தச் சலுகை கேட்கப்படுகிறதோ அந்தச் சலுகையோடு தொலைதூரத் தொடர்புகூட இல்லாத ஒரு பத்திரிகையாளரோ குடிமகனோ, ஊழலை வெளிக்கொண்டுவர மட்டுமே பணம் கொடுத்திருந்தால், உடந்தை என்றும் சதி என்றும் அவர் மீது அந்த எண்ணத்தைச் சுமத்த முடியாது. நோக்கம் உண்மையிலேயே அதுதானா, உள்ளே வேறு கணக்கு இருந்ததா என்பதை விசாரணை நீதிமன்றம் சாட்சிகளைக் கேட்டு முடிவுசெய்யட்டும் என்று சொல்லி மனுக்களைத் தள்ளுபடி செய்தார்கள்.

இதைக் கூடலூருக்குக் கொண்டுவந்து பாருங்கள். சித்தப்பாவின் பட்டாவுக்காகப் பணம் கொடுக்கப்படுகிறது. சலுகையோடு தொடர்பு இருக்கிறது. கொடுக்கிறவர் கட்சிக்காரர், வீடியோவால் கட்சிக்கு நல்லது நடக்கும் என்று அவர் வாயாலேயே சொல்கிறார். உச்ச நீதிமன்றம் திறந்து வைத்த அந்தச் சின்ன வாசல் இவருக்குக் கிட்டத்தட்ட மூடியே கிடக்கிறது.

சட்டப்படி இந்தத் தீர்ப்பில் நான் பெரிதாகக் குறை காண மாட்டேன். என் மனதை அறுப்பது 'விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற அந்த முடிவுதான். 2003-இல் நடந்த சம்பவத்துக்கு, போய் விசாரணையைச் சந்தியுங்கள் என்று சொல்லவே 2014 ஆகிவிட்டது. அதற்குள் குற்றம் சாட்டப்பட்ட ஜூதேவ் 2013-இல் இறந்தே போனார். வசதி உள்ளவர்கள் டெல்லியில் பெரிய வக்கீல் வைத்துப் போராடினார்கள். முதல்போகத்துக்கு நாற்றுப் பாவுகிற நேரத்தில் வாய்தாவுக்குப் போய் நிற்க வேண்டிய விவசாயிக்கு, தீர்ப்பு வருவதற்கு முன்பே தண்டனை முடிந்துவிடும்.

எல்லா நீதிபதிகளும் ஒரே மாதிரிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2005 டிசம்பர் 12 அன்று 'ஆபரேஷன் துரியோதனா' ஒளிபரப்பானது. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்கு எம்.பி.க்கள் பணம் வாங்கிய காட்சி. கோப்ராபோஸ்ட் செய்தி இணையதளத்தின் அனிருத்த பஹலும் சுஹாசினி ராஜும் சிறுதொழில் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒரு போலிப் பெயரை வைத்துக்கொண்டு போய் எடுத்த படம் அது. பதினோரே நாளில், டிசம்பர் 23 அன்று, 11 எம்.பி.க்கள் நீக்கப்பட்டார்கள். ஆனால் டெல்லி போலீஸ் பஹல் மீதும் சுஹாசினி மீதும் லஞ்சத்துக்கு உடந்தை என்று குற்றப்பத்திரிகை போட்டது. 2010 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி சிவ நாராயண் திங்க்ரா அதை ரத்து செய்தார். அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் உள்ள அடிப்படைக் கடமைகளைச் சுட்டிக்காட்டி, ஊழலற்ற சமுதாயத்துக்காகப் பாடுபடுவது குடிமகனின் கடமை, அந்தக் கடமையைச் செய்தவரைக் கூண்டில் ஏற்றக் கூடாது என்று சொன்னார். படிக்கும்போது மனம் நிறைகிற தீர்ப்பு. அதை மட்டும் நம்பி இன்று யாரும் களத்தில் இறங்க முடியாது.

ஏனென்றால் 2018-இல் சட்டமே மாறிவிட்டது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் அதுவரை 24-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. லஞ்சம் கொடுத்தவர் தான் கொடுத்ததாக வாக்குமூலம் சொன்னால் அதை வைத்து அவர் மீது வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு அது. 2018 ஜூலை 26 முதல் அந்தப் பிரிவு இல்லை. லஞ்சம் கொடுப்பதே இப்போது 8-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம், 7 ஆண்டு வரை சிறை. இதற்கு இரண்டு விலக்கு உண்டு. வற்புறுத்தலால் கொடுத்துவிட்டவர், கொடுத்த 7 நாளுக்குள் போலீஸிலோ விசாரணை அமைப்பிலோ தகவல் சொல்லிவிட்டால் அவர் மீது குற்றமில்லை. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, அந்த அமைப்புக்கு உதவுவதற்காகப் பணம் கொடுத்தவர் மீதும் குற்றமில்லை. பேனா கேமரா வாங்குகிற ஒவ்வொருவரும் இந்த இரண்டாவது விலக்கை மனப்பாடம் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது சட்டத்தின் பார்வையில் தகவல் சொன்னதாக ஆகாது. யூடியூப் சேனலுக்கு அனுப்புவதும் ஆகாது.

அப்படியென்றால் முறையான வழியில் எப்படிப் பிடிக்கிறார்கள்? 'ரசாயனம் தடவிய நோட்டு' என்று பேப்பரில் வாராவாரம் படிக்கிறோம். உள்ளே நடப்பது பலருக்குத் தெரியாது. புகார்தாரர் லஞ்ச ஒழிப்புத்துறையின் மாவட்டப் பிரிவுக்கு நேரே போகலாம். உள்ளூர் ஸ்டேஷன் பக்கமே போக வேண்டியதில்லை. தகவல் கசியும் என்று பயந்தால் சென்னை ஆலந்தூரில் இருக்கும் தலைமையகத்துக்கு எழுதலாம். புகாரில் முகாந்திரம் இருந்தால் முதலில் எஃப்.ஐ.ஆர். பதிவாகும். வேறு துறைகளிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சிகளாக வரவழைப்பார்கள். புகார்தாரர் கொண்டுவந்த நோட்டுகளின் எண்களை ஒன்றுவிடாமல் எழுதி, நோட்டின் மேல் பினாப்தலின் என்ற வெள்ளைப் பொடியைத் தடவுவார்கள். தடவியது கண்ணுக்குத் தெரியாது. ஒரு சாட்சியை அந்த நோட்டைத் தொடச்சொல்லி, சலவை சோடா கரைத்த தண்ணீரில் விரலை விடச் சொல்வார்கள். தெளிந்த தண்ணீர் ரோஜா நிறத்துக்கு மாறும். இது எல்லோர் முன்னிலையிலும் நடந்தது என்று மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அதற்குப் பிறகுதான் ஆபீஸுக்குப் போவது. 'கேட்டால் மட்டும் கொடுங்கள், நீங்களாக நீட்டாதீர்கள்' என்று புகார்தாரரிடம் சொல்லித்தான் அனுப்புவார்கள். பணம் கை மாறியதும் சொல்லிவைத்த சைகை. அதிகாரிகள் உள்ளே வந்து வாங்கியவரின் விரல்களைக் கரைசலில் விடவைப்பார்கள். நிறம் மாறிய தண்ணீர் பாட்டிலில் சீல் வைக்கப்பட்டு நீதிமன்றம் போகும்.

'கேட்டால் மட்டும் கொடுங்கள்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. லஞ்ச வழக்குகளில் நீதிமன்றம் முதலில் தேடுவது, கேட்டதற்கு ஆதாரம் எங்கே என்பதைத்தான். நோட்டு கையில் இருந்தது, மேஜை டிராயரில் இருந்தது என்பதெல்லாம் அடுத்த கட்டம். ஆர்வக்கோளாறில் கேமராவோடு போகிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான். எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, சார் உங்களுக்கு எவ்வளவு செய்யணும் என்று இவர்களே ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பதிவைப் பார்க்கிற ஊருக்கு அது லஞ்சம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கோ அது ஆசைகாட்டிச் சிக்கவைத்த கதை.

ஆசைகாட்டிச் சிக்கவைப்பது எவ்வளவு தூரம் போகும் என்று அறிய டெல்லிக்குப் போக வேண்டாம். கூடலூர்க்காரர்கள் குமுளி ஏறிக் கோட்டயம் போய்வருகிற அதே கேரளத்தில், 2017 மார்ச் 26 அன்று, மங்களம் டிவி ஒளிபரப்பைத் தொடங்கிய நாளிலேயே, போக்குவரத்து அமைச்சர் ஏ.கே.சசீந்திரன் பேசியது என்று ஓர் ஆபாச ஆடியோவை வெளியிட்டது. உதவி கேட்டுப் போன ஓர் இல்லத்தரசியிடம் அமைச்சர் இப்படிப் பேசினார் என்று சொன்னது. அன்றே அமைச்சர் பதவி விலகினார். சில நாளில், அந்தப் பெண் தங்கள் நிறுவனத்துப் பத்திரிகையாளர்தான், இது ஸ்டிங் ஆபரேஷன் என்று சேனலே ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் சேனலின் தலைமை அதிகாரி உள்ளிட்டவர்கள் கைதானார்கள். நீதிபதி பி.எஸ்.ஆண்டனி தலைமையில் அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது. சசீந்திரன் 2018 பிப்ரவரியில் மறுபடி அமைச்சர் ஆனார். லஞ்சம் இல்லை, பொதுப்பணம் இல்லை, ஒரு மனிதரின் அந்தரங்கத்தைத் தூண்டில் போட்டு இழுத்ததைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பத்து ஆண்டு முன்பு, 2007-இல், டெல்லியில் நடந்தது இதைவிடக் கொடுமை. மாணவிகளைத் தவறான வழிக்குத் தள்ளுகிறார் என்று ஒரு பள்ளி ஆசிரியை மீது லைவ் இந்தியா சேனல் ரகசிய வீடியோ வெளியிட்டது. கூட்டம் கூடி அந்த ஆசிரியையை அடித்தது, துணியைக் கிழித்தது. அரசு அவரை வேலையிலிருந்து நீக்கியது. பிறகு போலீஸ் விசாரித்தபோது அந்த வீடியோவே ஜோடனை என்று தெரிந்தது. செய்தியாளர் கைதானார், சேனல் ஒரு மாதம் முடக்கப்பட்டது. அந்த ஆசிரியை பட்ட அடிக்கு எந்தக் கோர்ட் என்ன ஈடு கொடுக்கும்? குரூப்பில் போட்டுவிட்டால் யாரும் அமுக்க முடியாது என்று அந்தத் தம்பி சொன்னபோது என் நினைவுக்கு வந்தது இந்தச் சம்பவம்தான். போட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

வெளிநாட்டிலும் அரசியல் ஆர்வலர்கள் இதே சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கருக்கலைப்பு எதிர்ப்பாளரான டேவிட் டாலைடன், பயோமேக்ஸ் என்ற பெயரில் போலி நிறுவனம் வைத்து, போலி அடையாள அட்டையோடு, கருக்கலைப்புச் சேவை தரும் பிளான்டு பேரன்ட்ஹுட் அமைப்பின் கூட்டங்களுக்குள் நுழைந்து, 2015-இல் ரகசிய வீடியோக்களை வெளியிட்டார். 2017-இல் கலிபோர்னியா அரசு அவர் மீதும் கூட்டாளி மீதும் 15 குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. 2019-இல் சிவில் வழக்கில் 20 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று ஜூரி சொன்னது. கிரிமினல் வழக்கு 2025-இல்தான், சிறை இல்லாத சமரசத்தோடு முடிந்தது. ரகசிய உரையாடலைப் பதிய எல்லாத் தரப்பின் சம்மதமும் வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. தன்னோடு நடந்த பேச்சைத் தானே பதிவு செய்வது இங்கே தன்னளவில் குற்றமாகாது. அப்படிப்பட்ட பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இல், மல்கானி வழக்கிலேயே சொல்லிவிட்டது.

ஆகவே பயந்து கேமராவைத் தூக்கி எறியச் சொல்ல நான் வரவில்லை. லஞ்சம் கேட்பதைப் பதிவு செய்யுங்கள். கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பதிவோடு போய்ப் புகார் கொடுங்கள். பதிவு செய்த போனை அழிக்காமல், வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். 2017 ஜூனில் மதுரை தெற்கு எம்.எல்.ஏ. சரவணன், கூவத்தூர் விடுதியில் எம்.எல்.ஏ.க்களுக்குப் பேசப்பட்டதாகச் சொன்ன பேரம் பற்றிப் பேசுவதாக ஒரு ரகசிய வீடியோ வந்து சட்டமன்றமே அமளிப்பட்டதே, அப்போது அவர் சொன்ன பதில், அந்தக் குரல் என்னுடையது இல்லை என்பதுதான். செயற்கை நுண்ணறிவால் யார் குரலையும் உண்டாக்க முடிகிற இந்தக் காலத்தில் அந்தப் பதில் இன்னும் பலமாக வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் 'ஹாஷ்' எண்ணும் அதில் இருக்க வேண்டும். ஒரு நொடி வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும். பாட்டுச் சேர்த்து, கட்சிக் கொடி ஒட்டி, எடிட் செய்த வீடியோ மட்டும்தான் உங்களிடம் மிச்சம் என்றால், கோர்ட்டில் அதற்கு மதிப்பு மிகக் குறைவு.

வேறு சில பள்ளங்களும் இருக்கின்றன. 'நான் விஜிலென்ஸ்' என்று சொல்லிக்கொண்டு போனால் அரசு ஊழியராக ஆள்மாறாட்டம் செய்த குற்றம். வீடியோவைப் போடாமல் இருக்க ஏதாவது செய்யுங்கள் என்று வாய்விட்டால் பணப்பறிப்பு வழக்கு. வாக்குவாதம் முற்றிக் கை பட்டுவிட்டால், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக நம் ஊரில் எல்லோரும் கேட்டுச் சலித்த அந்தப் பிரிவு.

தேர்தல் நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், கட்சிக்காரர்கள் கேமராவைத் தூக்குவது பெரும்பாலும் அப்போதுதான். 2019 ஏப்ரல் 16 அன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஆண்டிபட்டியில் வருமான வரித்துறை 1.48 கோடி ரூபாயைக் கைப்பற்றியது. உறைகளில் வார்டு எண்ணும், ஓட்டுக்கு 300 என்ற கணக்கும் எழுதியிருந்தன. கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. இதெல்லாம் நம் தேனி மாவட்டத்தில் நடந்ததுதான். பணம் கொடுப்பவரைப் பிடிக்கிறேன் என்று உறையைக் கைநீட்டி வாங்கிப் படம் எடுக்கிற பையன்களை எனக்குத் தெரியும். ஓட்டுக்குப் பணம் வாங்குவதும் சட்டப்படி லஞ்சக் குற்றம்தான், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே பிரிவு. தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி 2018 முதல் இருக்கிறது. பார்த்ததை அங்கேயே நின்று போட்டோவாகவோ இரண்டு நிமிட வீடியோவாகவோ அனுப்பலாம். பழைய படத்தை ஏற்ற முடியாது, இடத்தைப் போனே பதிந்துகொள்ளும், பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையம் வைத்திருக்கிற இலக்கு. உறையைத் தொடாமல், எட்ட நின்று எடுங்கள்.

கூடலூர்த் தம்பியிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியவில்லை. சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு தேனியில் லஞ்ச ஒழிப்புத்துறைக்குப் போங்கள், காசு கேட்ட தேதி, நேரம், இடம், வார்த்தை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், கட்சித் துண்டு வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்: "சரிண்ணே, புகார் குடுத்தபெறகு எங்க சித்தப்பா பயந்து பின்வாங்கிட்டா? கோர்ட்டுல போய் அப்படி எதுவும் நடக்கலன்னு சொல்லிட்டா?"

நல்ல கேள்வி. புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ்சாட்சி ஆனாலோ, சந்தர்ப்ப சாட்சியங்களை வைத்தே லஞ்சம் கேட்டதை நிரூபிக்க முடியும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு நீரஜ் தத்தா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது, பின்வாங்கிய புகார்தாரருக்கு என்ன ஆகும் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)